யார் இந்த ஃபௌஸ்டோ கோப்பி? ஜோடி சைக்கிள் ரேஸின் ராஜாவை ஒரு கொசு சாய்த்த கதை

பழையசீவரத்தில் இருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்பினால் சுமார் 40 கி.மீ. உலகப் போருக்கு நடுவே, 1942-ல், மிலான் மைதானத்தில் ஒரே மணி நேரத்தில் 45 கி.மீ.க்கு மேல் சைக்கிள் ஓட்டியவர் இத்தாலியின் ஃபௌஸ்டோ கோப்பி. ஒரு காலத்தில் இறைச்சிக்கடை டெலிவரி பையன். பின்னர் டூர் டி பிரான்ஸை 2 முறையும் ஜிரோ டி இத்தாலியாவை 5 முறையும் ஜெயித்தார். கூட்டத்தை விட்டுத் தனியா பிய்ச்சுக்கிட்டு போறதுதான் அவர் ஸ்டைல்.

ஆனா 'பராக்கி டிராபி'யில் அது நடக்கலை. அது இருவர் சேர்ந்து ஓட்டும் டைம் ட்ரையலாக இருந்தது, சுமார் 100 கி.மீ. ஒருவர் முன்னால் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர் பின்சக்கரத்தை ஒட்டியே வந்து இளைப்பாறுவார். அப்புறம் இடம் மாறுவார்கள். பலசாலி அவசரப்பட்டால் ஜோடி காலி! ரிக்கார்டோ ஃபிலிப்பியோடு 1953, 1954, 1955 என ஹாட்ரிக் அடித்தார் கோப்பி. 1957-ல் தொடை எலும்பு முறிந்தது. அதே ஆண்டு, 38 வயதில், தன்னைவிட 13 வயது இளைய எர்கோலே பால்தினியுடன் மறுபடியும் வெற்றி.

1959 டிசம்பரில் ரேஸுக்கும் வேட்டைக்குமாக ஆப்பிரிக்காவின் அப்பர் வோல்டா (இன்றைய புர்கினா ஃபாசோ) போனார். ஒரே அறையில் தங்கிய பிரெஞ்சு வீரர் ரஃபேல் ஜெமினியானிக்கும் அவருக்கும் ஊர் திரும்பியதும் காய்ச்சல். பிரான்ஸில் மலேரியானு கண்டுபிடிச்சு மருந்து கொடுத்தாங்க. இத்தாலியில் கோட்டை விட்டாங்க. 1960 ஜனவரி 2-ல் கோப்பி இறந்தார், 40 வயதில். ஜெமினியானி 2024 வரை, 99 வயசு வாழ்ந்தார்.