மாண்டிசோரி அம்மையார்

இத்தாலி நாட்டின் கியாரவாலே என்னும் சிற்றூரில் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் பிறந்தவர் மரியா மாண்டிசோரி அம்மையார். பெண்கள் மருத்துவம் படிப்பதை ஊரார் விரும்பாத காலம் அது. தந்தையாரும் சம்மதிக்கத் தயங்கினார். அம்மையார் பின்வாங்கவில்லை. 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டிருந்த குழந்தைகளை அங்கே கண்டார். அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலையே தேவை என்று உணர்ந்தார். தொட்டும் தூக்கியும் பயிலும் பொருள்களைக் கொடுத்தார். குழந்தைகள் தேறினர். ஊரார் வியந்தனர், அம்மையாருக்கோ, நல்ல நிலையில் உள்ள பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள் என்ற கவலை பிறந்தது.

1907 ஜனவரி 6, மூன்றரசர் திருநாளன்று, ரோம் நகரின் ஏழைகள் வாழும் சான் லொரென்சோ பகுதியில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குப் போனதும் பிள்ளைகள் சுவர்களைப் பாழாக்கினார்களாம். கட்டட உரிமையாளர்கள் இடம் கொடுத்தது கல்விப் பற்றினால் அல்ல, சுவரைக் காப்பாற்றத்தான்!

அங்கே அவர் எண்ணையும் அளவையும் கற்பித்த முறைதான் புதுமை. மூன்று வயதுக் குழந்தைக்குச் சென்டிமீட்டர் என்ற சொல் எதற்கு? முதலில் எது பெரிது, எது சிறிது என்று கை அறியட்டும் என்றிருந்தார். இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரக் கட்டைகள். மிகச் சிறியதன் பக்கம் 1 செ.மீ.; மிகப் பெரியதன் பக்கம் 10 செ.மீ. பெரியதைத் தூக்க இரு கைகளும் வேண்டும், சிறியதற்கு இரு விரல் போதும். சிவப்புக் கோல்கள் 10 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை படிப்படியாக நீளும். 90 செ.மீ. கோலின் நுனியில் மிகச் சிறிய கோலை வைத்தால், அது மீட்டர் கோலுக்குச் சமமாகிவிடும். கூட்டல் அங்கேயே தொடங்கிவிடுகிறது! எடை அறியவும் ஒரே அளவுள்ள மரப்பலகைகள் உண்டு: 12, 18, 24 கிராம். கண்ணைக் கட்டிக்கொண்டு உள்ளங்கையில் ஏந்திச் சொல்ல வேண்டும்.

மரத்துளைகளில் உருளைகளைப் பொருத்தும் விளையாட்டில் தவறு செய்தால் ஆசிரியர் திட்ட வேண்டியதில்லை. ஓர் உருளை இடமின்றி மிஞ்சி நின்று, தவற்றைத் தானே காட்டிவிடும். ஒரு சிறுமி அதை நாற்பது தடவைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தும், சுற்றிலும் மற்றப் பிள்ளைகள் பாடியும், அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழந்தைக்குக் கவனம் நிற்காது என்போர் இதைக் கண்டிருக்க வேண்டும்.

முசோலினி ஆட்சியோடு அம்மையார் ஒத்துப்போகவில்லை. 1934-ல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1939-ல் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1940-ல் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மகனைக் காவலில் வைத்தது. அம்மையாரும் அடையாற்றை விட்டு வெளியேறத் தடை. அவருடைய எழுபதாவது பிறந்த நாளன்று மகனை விடுவித்தார்கள். பின்பு கோடைக்கானலில் தங்கியபோது அம்மலையின் செடிகொடிகளும் பாடப்பொருள்களாயின.

1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தின் நூர்த்வைக் கடற்கரை ஊரில் காலமானார். அங்கேயே கத்தோலிக்கக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.