கொல்லன் மகன் கண்ட கோடுகள்

காந்தம் இரும்பைத் தொடாமலே இழுக்கின்றது. ஞாயிறு கோடிக்கணக்கான கல் தொலைவில் நின்றே நிலவுலகைத் தன்னைச் சுற்றி வரச் செய்கின்றது. இழுக்கும் பொருளுக்கும் இழுபடும் பொருளுக்கும் இடையே இருப்பது யாது? வெற்றிடமா? வேறு ஏதேனுமா? குழந்தைகள் கேட்கும் இவ்வினாவைப் பெரியவர்கள் கேட்பதில்லை; கேட்டாலும் விடைக்குக் காத்திருப்பதில்லை. அவ்விடைக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டவர் மைக்கேல் ஃபாரடே. அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் மாணவராகப் பயின்றவர் அல்லர். உயர் கணிதம் அறிந்தவரும் அல்லர். கண்ணும் கையும் சொல்லுமே அவர்தம் கருவிகள்.

புத்தகக் கட்டுநர்

ஃபாரடே 1791ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனுக்குத் தெற்கேயுள்ள நியூவிங்டனில் பிறந்தார். தந்தை இரும்புக் கொல்லர், நோயாளி. வறுமை அவ்வீட்டை விட்டு அகன்றதில்லை. எழுதப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் கற்றதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. 1804இல், தம் பதின்மூன்றாம் வயதில், ரீபோ என்னும் புத்தக வணிகரிடம் ஏவல் சிறுவனாகச் சேர்ந்தார். மறு ஆண்டு முதல் ஏழாண்டுகள் அவரிடமே புத்தகம் கட்டும் தொழில் பயின்றார்.

பிறர் படிப்பதற்காக நூல்களைத் தைத்து அட்டை கட்டிய அச்சிறுவர், தைக்க வந்த நூல்களைத் தாமும் படித்தார். பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூலும் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. 1812இல் கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ஃபிரி டேவி ஆற்றிய நான்கு சொற்பொழிவுகளுக்கு நுழைவுச்சீட்டு அளித்தார். கேட்டவற்றையெல்லாம் படங்களுடன் எழுதித் தம் கையாலேயே புத்தகமாகக் கட்டி டேவிக்கு அனுப்பினார் ஃபாரடே. கற்ற தொழிலே கல்விக்கு வாயிலாயிற்று. 1813ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அந்நிறுவனத்தின் ஆய்வுக்கூட உதவியாளர் ஆனார்.

அதே ஆண்டில் டேவியுடன் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தில் டேவியின் மனைவி அவரைப் பணியாளாகவே நடத்தினார். மனம் நொந்த ஃபாரடே திரும்பிவிடவும் எண்ணினார். எனினும், அறிஞர்களைக் காணவும் கற்கவும் கிடைத்த வாய்ப்பை இழக்க மனமின்றிப் பொறுத்துக்கொண்டார்.

அசைந்த முள்

1820இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் எர்ஸ்டெட், மின்னோட்டம் பாயும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். மறு ஆண்டே ஃபாரடே, மின்னோட்டம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலுமாறு செய்தார். மின்னாற்றல் இடைவிடாத இயக்கமாக மாறிய நிகழ்ச்சி அது. இன்றைய மின்னோடிகளுக்கு அதுவே முன்னோடி. ஆயினும், மூத்த அறிஞர் வொல்லாஸ்டனின் கருத்தை எடுத்துக்கொண்டார் என்ற பழி அவர்மீது விழுந்தது. 1823இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராக அவர் பெயர் முன்மொழியப்பட்டபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். கைதூக்கி விட்டவரே தடையாக நின்றார். இருப்பினும் 1824இல் ஃபாரடே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மின்னோட்டத்தால் காந்த விளைவு உண்டாகுமெனில், காந்தத்தால் மின்னோட்டம் உண்டாகாதா? இவ்வினாவுக்கு 1831ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள் விடை கிடைத்தது. இரும்பு வளையம் ஒன்றின் இரு பக்கங்களிலும் தனித்தனியே கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்துடன் இணைத்த அக்கணத்தில், மறு சுருளோடு தொடர்புடைய காந்த ஊசி அசைந்தது, பின் நின்றுவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. சீராகப் பாயும் மின்னோட்டம் எவ்விளைவையும் தரவில்லை. மாற்றம் நிகழும்போது மட்டுமே விளைவு தோன்றும் என்பதே அவர் கண்ட உண்மை. அதே ஆண்டு அக்டோபரில், காந்த முனைகளுக்கிடையே செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ந்து மின்னோட்டம் பெற்றார். மின் நிலையங்களில் சுழலும் மின்னாக்கிகள் எல்லாம் அத்தட்டின் வழித்தோன்றல்களே.

சொல் தேடிய அறிஞர்

கணிதக் குறியீடுகளைக் கையாளாத ஃபாரடே சொற்களாலேயே சிந்தித்தார். ஆதலின், பொருந்தாத சொல் சிந்தனையைப் பிழைபடுத்தும் என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். மின்பகுப்பை ஆராய்ந்தபோது, கரைசலில் மின்சாரம் நுழையும் இடங்களைத் துருவம் எனக் குறிப்பதை அவர் ஏற்கவில்லை. அச்சொல், ஈர்ப்பு அங்கே உள்ளது என்று ஆராயும் முன்னரே தீர்ப்புக் கூறிவிடுகின்றது என்பது அவர் கருத்து. எனவே 1834இல், கேம்பிரிட்ஜ் அறிஞர் வியூவெல் என்பாரின் துணையை நாடினார். கிரேக்க வேர்களிலிருந்து ஆனோடு, கேத்தோடு, அயான் முதலிய சொற்கள் பிறந்தன. அயான் என்பதற்குச் செல்வது என்பது பொருள். தமிழ்ப் பாடநூல்களில் இன்று வழங்கும் அயனி என்னும் சொல் அதன் வழிவந்ததே.

கோடும் கணக்கும்

காந்தத்தின்மேல் தாளை விரித்து இரும்புத்தூளைத் தூவினால், தூள் வளைகோடுகளாக அமைவதைக் காணலாம். பலருக்கு அது வேடிக்கை. ஃபாரடேக்கோ அது விடை. காந்தத்தைச் சூழ்ந்த வெளி வெறுமையன்று. விசைக்கோடுகளால் நிறைந்தது என்றார். 1832இலேயே, காந்த விசை பரவ நேரம் பிடிக்கும் என்றும் நீரலை போலப் பரவக்கூடும் என்றும் எழுதி, முத்திரையிட்டு ராயல் சொசைட்டியில் ஒப்படைத்தார். நூறாண்டுகளுக்கும் மேலாக அவ்வுறை பிரிக்கப்படவில்லை. 1845இல், கனமான கண்ணாடியினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் தளத்தைக் காந்தம் திருப்புவதைக் கண்டார். மறு ஆண்டு, ஒளியே விசைக்கோடுகளின் அதிர்வாக இருக்கலாம் என்ற ஊகத்தை அவையில் வெளியிட்டார்.

கணித வல்லுநர் பலர் இக்கோடுகளைப் பொருட்படுத்தவில்லை. ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் இளைஞரோ அவற்றுள் மறைந்திருந்த கணிதத்தைக் கண்டார். 1857இல், அறுபத்தாறு வயது ஃபாரடே அவ்விளைஞருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணித வல்லுநர்கள் தாம் கண்ட முடிவுகளைக் குறியீடுகளில் மட்டுமன்றிப் பொதுமொழியிலும் தெளிவாக உரைத்தால், தம்மைப் போன்றோரும் அவற்றைச் சோதனைக்கு உட்படுத்தலாமே என்பது அக்கடிதத்தின் வேண்டுகோள். 1860களில், மின்காந்த அலை ஒளியின் வேகத்தில் செல்லும் என மாக்ஸ்வெல் கணக்கிட்டுக் காட்டினார். 1880களின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் அவ்வலைகளை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார். அதனைக் காண ஃபாரடே இல்லை.

விடை கிடையா வினா

எல்லா விசைகளும் ஒன்றற்கொன்று உறவுடையன என்பது ஃபாரடேயின் உறுதியான நம்பிக்கை. ஆகவே புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் உள்ள உறவைத் தேடி, எடைகளைக் கம்பிச் சுருளோடு உயரத்திலிருந்து விழச் செய்து பார்த்தார். விளைவு ஒன்றும் தோன்றவில்லை. தோல்வியை அவர் மறைக்கவில்லை. நம்பிக்கை குன்றவில்லை என்பதையும், சான்று கிட்டவில்லை என்பதையும் சேர்த்தே 1851இல் வெளியிட்டார். அவ்வுறவுக்குச் சோதனைச் சான்று இன்றளவும் கிட்டவில்லை.

அரசு அளிக்க முன்வந்த சர் பட்டத்தையும், ராயல் சொசைட்டியின் தலைமைப் பதவியையும் அவர் மறுத்தார். ஆயின், சிறுவர்க்குப் பாடம் சொல்வதை மறுத்ததில்லை. 1860ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில், ஒரு மெழுகுவத்தியைக் கையில் ஏந்தி, அதன் சுடரிலிருந்தே வேதியியலை விளக்கினார்.

அதற்குள் நினைவாற்றல் அவரை விட்டு விலகத் தொடங்கியிருந்தது. பல்லாண்டுகளாகக் கடிதத் தொடர்பு கொண்டிருந்த வேதியியல் நண்பர் ஷோன்பைனுக்கு 1862இல் எழுதுகையில், எழுதியவற்றைத் தாமே கிழித்தெறிய நேர்வதையும், எழுத்துகள் தம் வசப்படாமையையும் சொல்லி வருந்தினார். பிழைபடாத சொல்லுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தவரைச் சொற்களே கைவிட்டன. 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், ஹாம்ப்டன் கோர்ட்டில் அரசி விக்டோரியா அளித்திருந்த இல்லத்தில், நாற்காலியில் அமர்ந்தவாறே உயிர் நீத்தார். ஆடம்பரமின்றி ஹைகேட் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் தூவிய இரும்புத்தூள் இன்றும் பள்ளி மாணவரின் தாளில் அதே வளைகோடுகளாக அமைகின்றது. இடையில் இருப்பது என்ன என்று ஏதேனும் ஒரு குழந்தை கேட்கும்போது, கொல்லன் மகனின் வினாவே மீண்டும் பிறக்கின்றது. அவ்வினாவைத் தெளிந்த சொல்லால் எதிர்கொள்வது கற்றவர் கடன்.