நெருங்கிச் சென்ற வேட்டைக்காரர்

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜவ்வாது மலைத்தொடரைக் கடந்தால் ஏலகிரி. அதற்கும் மேற்கே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகள். ஒரு காலத்தில் புலியும் சிறுத்தையும் மிகுந்திருந்த இந்நிலப்பரப்பைத் தம் எழுத்தால் உலகறியச் செய்தவர் கென்னத் ஆண்டர்சன். மனிதரைக் கொன்ற விலங்குகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்றே அவர் நினைவுகூரப்படுகிறார். ஆனால், அவ்விலங்குகள் ஏன் மனிதரைக் கொல்லத் தொடங்கின என்று அவர் எழுப்பிய கேள்வியே இன்றும் நமக்குப் பயன்படுவது.

பல தலைமுறைகளாக இந்தியாவில் வாழ்ந்த ஸ்காட்லாந்து வம்சாவளிக் குடும்பத்தில், ஹைதராபாத்தை அடுத்த பொலாரத்தில் 1910-ஆம் ஆண்டு பிறந்தார் ஆண்டர்சன். படித்தது பெங்களூரில்; பணியாற்றியது அந்நகரின் விமானத் தொழிற்சாலையில். ஓய்வு நாள்களைக் காட்டுக்கே அளித்தார். கன்னடமும் தமிழும் பேசிய அவருக்கு, பைரா போன்ற வனவாசிகளே ஆசான்களாக அமைந்தனர். காலடித் தடம் எத்தனை நாழிகை பழையது, காற்று எத்திசையில் வீசுகிறது, மானும் குரங்கும் எழுப்பும் எச்சரிக்கைக் குரல் எதைக் குறிக்கிறது என்பனவெல்லாம் எந்தக் கல்லூரியும் கற்பிக்காத பாடங்கள்.

அவர் விரும்பிப் பயன்படுத்திய துப்பாக்கி 'வின்செஸ்டர் 405'. அதன் கனத்த குண்டு அண்மையில் பேராற்றல் வாய்ந்தது. தொலைவு கூடக்கூட விரைந்து தாழ்ந்துவிடும். ஆகவே, அதை ஏந்தியவர் விலங்கை நெருங்கியே ஆக வேண்டும். பரண்மீது இரவெல்லாம் அசையாமல் அமர்ந்திருந்து, தெளிவாகத் தெரியும்போது மட்டும் சுடுவது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. குறி தவறிக் காயம்பட்ட விலங்கைத் தேடிச் சென்று அதன் துன்பத்தை முடித்துவைப்பது சுட்டவரின் கடமை என்பது அக்கால வேட்டை அறத்தின் முதல் விதி. அதில் உயிராபத்தும் இருந்தது.

அவ்விதி மீறப்படும்போது நேர்வது என்ன என்பதற்கு ஜவளகிரிப் பெண்புலியின் கதையே சான்று. துணையை இழந்து காட்டில் குரலெழுப்பித் திரிந்த அப்புலியை ஒருவர் சுட்டார். புலி சாகவில்லை, காயத்துடன் தப்பியது. அதன் பிறகே அது மனிதரைக் கொல்லத் தொடங்கியது என்று ஆண்டர்சன் எழுதினார். காயமுற்ற புலியால் மானைத் துரத்த இயலாது. விறகு பொறுக்கச் செல்பவரும் மாடு மேய்ப்பவரும் அதற்கு எளிய இரையாகின்றனர்.

ஒருவருடைய செயலின் ஆதாயம் அவருக்கும், அதன் செலவு தொடர்பற்ற பிறருக்கும் போய்ச் சேருவதைப் பொருளியலில் புறவிளைவு என்பர். தவறிய குண்டு அதற்குத் துல்லியமான எடுத்துக்காட்டு. சுட்டவர் ஊர் திரும்பிவிடுவார்; விலையைக் கொடுப்பது காட்டோரக் குடிசை.

இன்றைய தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கிகளால் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் சுட முடிகிறது. காற்றின் வேகம், குண்டின் தாழ்வு ஆகியவற்றைக் கணிக்கும் திறன் வியப்புக்குரியதே. எனினும், அத்தொலைவைக் கடக்கக் குண்டுக்கு ஒரு நொடிக்கும் மேலாகும். அதற்குள் விலங்கு ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சில் பட வேண்டியது வயிற்றில் படும். காயம்பட்டதா என்பதே சுட்டவருக்குத் தெரியாமல் போகலாம். ஆண்டர்சனின் அதே ரகத் துப்பாக்கியை விரும்பிய தியடோர் ரூஸ்வெல்ட் 1887-இல் தோற்றுவித்த பூன் அண்ட் கிராக்கெட் சங்கம், வேட்டையை ஆதரிக்கும் அமைப்பு. அதுவே, வேட்டைக்காரரை விலங்கு உணரவே வாய்ப்பில்லாத தொலைவிலிருந்து சுடுவது நேர்மையான வேட்டை ஆகாது என்கிறது.

ஆண்டர்சன் குறையற்றவர் அல்லர். அவருடைய கதைகளில் புனைவு கலந்திருப்பதாகக் கருதுவோர் உண்டு. பொழுதுபோக்கு வேட்டை கௌரவமாகக் கருதப்பட்ட காலத்தின் பிள்ளை அவர். எனினும், பிற்காலத்தில் காட்டின் அழிவு கண்டு வருந்தி, வனவிலங்குப் பாதுகாப்புக்காகக் குரல் கொடுத்தார். 1974-இல் புற்றுநோயால் மறைந்தார்.

அதற்கு ஈராண்டுகள் முன்பு, 1972-இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மனித உயிருக்கு ஆபத்தான புலியைக்கூட, பிடிக்கவோ மயக்கமூட்டவோ வேறிடம் மாற்றவோ இயலாது எனத் தலைமை வனஉயிரினக் காப்பாளர் உறுதிசெய்தால் மட்டுமே கொல்ல அனுமதிக்கலாம் என்கிறது அச்சட்டம். ஆண்டர்சன் எழுதிய சீகூர் காட்டை ஒட்டிய மசினகுடியில், நால்வரைக் கொன்றதாகக் கருதப்பட்ட டி23 புலி, மூன்று வாரத் தேடலுக்குப் பின் 2021 அக்டோபர் 15 அன்று உயிருடன் பிடிக்கப்பட்டது. மயக்க ஊசி சில பத்து மீட்டர் தொலைவுக்கே பயன்படும். ஆகவே, அங்கும் தேவைப்பட்டவை தடம் அறியும் கண்ணும், நெருங்கும் துணிவும், காத்திருக்கும் பொறுமையுமே.

ஜவ்வாது மலையிலும் பிற மலைகளிலும் நாட்டுத் துப்பாக்கிகள் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. அவற்றைப் பறிமுதல் செய்வது காவல்துறையின் பணி. ஆனால், காடறிந்த மலைமக்களின் திறனை வேட்டைக் குற்றமாக மட்டுமே பார்க்காமல், வனக்காவலுக்கும் விலங்கு மீட்புக்கும் உரிய ஊதியத்துடன் பயன்படுத்துவது அரசின் பொறுப்பு. பைராவிடம் பாடம் கேட்ட ஆண்டர்சனின் வாழ்வு அதற்கான வழியைக் காட்டுகிறது.