நகருக்குப் பெயர் தந்தவர்

கோதம் என்னும் கற்பனை மாநகரைச் சித்திரக்கதை வாசகர் உலகெங்கும் அறிவர். அந்நகருக்குப் பெயரிட்ட பில் ஃபிங்கரின் பெயரோ, அவர் எழுதிய பேட்மேன் கதைகளின் தலைப்பின் கீழ்க்கூட நெடுங்காலம் இடம்பெறவில்லை.

1914 இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பிறந்து, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் வளர்ந்தவர் ஃபிங்கர். எழுத்தார்வம் மிக்க அவ்விளைஞர் காலணி விற்றுப் பிழைத்து வந்தார். 1939 இல் ஓவியர் பாப் கேன், தாம் வரைந்த புதிய வீரனின் உருவத்தை அவரிடம் காட்டினார். சிவப்பு உடையும் விறைத்த சிறகுகளும் கொண்ட அவ்வுருவுக்கு வௌவால் செவியுடைய முகமூடியையும், அலையும் மேலங்கியையும், சாம்பல் நிறத்தையும் அளித்தவர் ஃபிங்கரே. அவ்வாண்டு மே மாத 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27 ஆம் இதழில் வெளிவந்த முதற்கதையும், புரூஸ் வெய்ன் என்னும் இயற்பெயரும் அவருடையனவே. ராபின், ஜோக்கர் ஆகியோரின் உருவாக்கத்திலும் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

எனினும், பதிப்பகத்தோடு உரிமை பேசியவர் கேன் ஒருவரே. ஆகவே படைப்பாளர் என்னும் தகுதி அவரோடு நின்றது. ஃபிங்கர் கூலிக்கு எழுதுபவரானார். கண்டதையும் கேட்டதையும் குறிப்பேட்டில் தொகுத்து, அவற்றினின்று கதை பின்னுவது அவர் வழக்கம். செதுக்கிச் செதுக்கி எழுதியமையால் குறித்த நாளில் கதை தரத் தவறினார் என்ற குறையும் அவர்மீது உண்டு.

1965 இல் நியூயார்க் வாசகர் மாநாடு ஒன்றில் ஃபிங்கர் தம் பங்கினை எடுத்துரைத்தார். கேன் அதனை மடல் வழியே மறுத்தார். உரிமைக்காக வழக்காடும் இயல்பு ஃபிங்கருக்கு இல்லை. 1966 இல் தொலைக்காட்சித் தொடருக்கு நண்பர் ஒருவரோடு இணைந்து எழுதிய கதையில் அவர் பெயர் திரையில் தோன்றியது. 1974 சனவரியில், தம் 59 ஆம் அகவையில், வறிய நிலையிலேயே அவர் மறைந்தார்.

1989 இல் கேன் தம் தன்வரலாற்றில், நண்பருக்கு உரிய சிறப்பு கிட்டவில்லை என ஒப்புக்கொண்டார். ஆய்வாளர் மார்க் டைலர் நோபில்மன், ஃபிங்கரின் பெயர்த்தி அதீனா ஆகியோரின் விடாமுயற்சியால், 2015 இல் படைப்பாளர் வரிசையில் ஃபிங்கரின் பெயரையும் சேர்க்கப் பதிப்பகம் இசைந்தது.

கவிஞர் எட்கர் ஆலன் போவின் குடில் நிற்கும் பிராங்ஸ் பூங்காவில்தான், அன்று கேனும் ஃபிங்கரும் அமர்ந்து கதை பேசினர். அதனருகே உள்ள தெருவொன்றுக்கு 2017 இல் ஃபிங்கரின் பெயர் சூட்டப்பட்டது. மாநகர் ஒன்றுக்குப் பெயர் தந்தவரின் பெயரை ஒரு தெரு ஏற்க, அவர் மறைந்து 43 ஆண்டுகள் ஆயின.