செருக்கறியாச் செம்மல் சுவாமி விபுலாநந்த அடிகளார்

கோணமாமலைக்குச் செல்லும் அடியார்கள் இராவணன் வெட்டைக் காணாமல் திரும்புவதில்லை. தன் தாயாரின் வழிபாட்டிற்காக மலையையே பெயர்த்துச் செல்ல முனைந்த இலங்கை வேந்தன் வாளால் வெட்டிய பிளவு அது என்பது ஐதிகம். திருஞானசம்பந்தப் பெருமானும் தமது பதிகங்கள் பெரும்பாலானவற்றில் எட்டாவது பாடலை இராவணனுக்கே ஒதுக்கினார். அவன் செருக்கு அடங்கியதையும் பின் இறையருள் பெற்றதையும் அவை கூறுகின்றன. ஆற்றல் மிக்கவனையும் செருக்கு வீழ்த்தும் என்பதே அதன் பொருள். அப்படியாயின் தன்னம்பிக்கையும் தவறாகுமா? இக்கேள்விக்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் முத்தமிழ் வித்தகர் சுவாமி விபுலாநந்த அடிகளார்.

கிழக்கிலங்கையின் காரைதீவில் சாமித்தம்பி, கண்ணம்மை தம்பதியருக்கு 27.03.1892 அன்று மகனாகப் பிறந்தார். பிள்ளைத்திருநாமம் மயில்வாகனன். 1916ஆம் ஆண்டு மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் சித்தியடைந்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். அதே ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் கிடைத்தது. தமிழ்ப் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாக ஒருவரே விளங்குவது அக்காலத்தில் மிக அரிது. இருபத்தெட்டு வயதில் இத்தனையும் பெற்ற ஒருவர் தலைநிமிர்ந்து நடந்திருந்தால் எவரும் குறைகூறியிருக்கமாட்டார்கள்.

அடிகளாரோ 1922இல் பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1924இல் துறவு ஏற்று விபுலாநந்தரானார். தாயகம் திரும்பியபின் பட்டிதொட்டியெங்கும் ஏழைப் பிள்ளைகளின் கல்விக்காக உழைத்தார். திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர்தம் பொறுப்பில் வளர்ந்தது. மட்டக்களப்பு கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயம் 1929இல் எழுந்தது.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பகலில் பேரறிஞர்கள் நடுவே வீற்றிருந்தவர், மாலையில் அயலிலிருந்த திருவேட்களத்தில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று சிறுவர்களுக்கு எழுத்தறிவித்தார். அந்த மண்தரையில் அமர்ந்ததால் அவர்தம் பெருமை குறையவில்லை.

அடிகளாரிடம் தன்னம்பிக்கை இல்லாமலில்லை. வழக்கொழிந்து பல நூற்றாண்டுகளான பழந்தமிழர் யாழை மீட்டுக் காட்டலாம் என்று துணிந்ததே அதற்குச் சான்று. எவரும் அக்கருவியைக் கண்டதில்லை. அதன் ஓசையைக் கேட்டதுமில்லை. சிலப்பதிகாரமும் அதன் பழைய உரைகளும் தந்த குறிப்புகளே துணை. தமிழறிவு மட்டும் போதுமென அவர் இருந்துவிடவில்லை. நரம்பின் நீளத்திற்கும் சுரத்திற்கும் உள்ள தொடர்பைக் கணிதத்தாலும் பௌதிகத்தாலும் அளந்து பார்த்தார். இசைநூல்களை ஒரு மாணவனைப் போலக் கற்றார். சுமார் பதினான்கு ஆண்டுகள் பொறுமையாக உழைத்தார். எல்லாம் தெரியும் என்ற எண்ணம் ஒருநாள் தலைதூக்கியிருந்தாலும் அவ்வாராய்ச்சி அன்றே நின்றிருக்கும்.

அதன் பயனாக விளைந்ததே யாழ் நூல். 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமிழகத்தின் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அது அரங்கேறியது. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் அடிகளார் அவ்விழாவிற்கு எழுந்தருளினார். தம் வாழ்நாட் பெரும்பணியை இறைவன் திருமுன் வைத்து, ஆறு வாரங்களில், 19.07.1947 அன்று இறைவனடி சேர்ந்தார். அவர்தம் திருவுடல் சிவானந்த வித்தியாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டது.

தன்னம்பிக்கை உடையவன் முடியும் என்று நம்பி மேலும் கற்கிறான். செருக்குடையவன் கற்றது போதும் என்று நின்றுவிடுகிறான். முன்னது ஏணி, பின்னது முட்டுச்சுவர். பரீட்சையில் சித்தியடைந்த பிள்ளைகளும், உத்தியோகத்தில் உயர்ந்தவர்களும், ஊர்ப்பணியில் முன்னிற்பவர்களும் இதனை மனத்திற் கொள்வது நன்று. கோயில் வாசலில் தலைகுனிந்து நுழைகின்ற நாம், வெளியே வந்தபின்னும் அப்பணிவை மறவாதிருக்க எல்லாம் வல்ல கோணேசப் பெருமான் திருவருள் துணைபுரிவதாக.