கை கழுவிய தேசாதிபதி

கல்முனைக் கோவிலிலும் உரோமாபுரியிலும் ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் ஒலிக்கும் பெயர் போஞ்சு பிலாத்து. கி.பி. 26 முதல் ஏறக்குறைய 10 ஆண்டுகள் யூதேயாவின் தேசாதிபதியாக இருந்தவர். செசாரியாக் கடற்கரைப் பட்டினத்தில் வாழ்ந்தார்; 1961இல் அங்கே அவர் பெயர் பொறித்த கல் கிடைத்தது.

அவர் கடின சித்தமுள்ளவர். இராயனின் உருவம் தாங்கிய விருதுக்கொடிகளை இரவோடு இரவாக எருசலேமுக்குள் கொண்டு போனார். மக்கள் கழுத்தை நீட்டத் துணிந்த பின்பே அகற்றினார். தேவாலயப் பணத்தில் நீர்க்கால்வாய் கட்டினார். எதிர்த்தவர்களைத் தடிகொண்டு அடிப்பித்தார். சமாரியரைக் கொல்வித்ததால் பதவியிழந்து உரோமைக்கு அனுப்பப்பட்டார். அவர் போய்ச் சேருமுன், 37இல், திபேரியு இராயன் இறந்தான். அதன்பின் நடந்தது நிச்சயமாகத் தெரியாது.

அங்கேதான் கதாசிரியர்கள் புகுந்தார்கள். 1892இல் நூலில் வந்த கதையொன்றில் அனத்தோல் பிரான்ஸ், இயேசுவையே மறந்துபோன முதியவராக அவரைக் காட்டினார். புல்ககோவின் நாவலிலோ தலைவலியாலும் மனச்சாட்சியாலும் வாடுகிறார். எத்தியோப்பியத் திருச்சபை மரபில் அவர் புனிதர்.

இரக்கம் நல்லதே. ஆயினும் பிலாத்துவைக் குற்றமற்றவராக்கிய பழங்கதைகள் பழி முழுவதையும் யூத குலத்தின்மேல் சுமத்தின. அதனால் அம்மக்கள் பட்ட துன்பம் கொஞ்சமல்ல. அப்பழியை அவர்கள் அனைவர்மேலும் சுமத்தலாகாதென 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது.

சிலுவைத் தீர்ப்பு பிலாத்துவின் கையில் இருந்தது. குற்றமில்லையென அறிந்தும் பதவிக்கு அஞ்சினார். கந்தோரிலும் கச்சேரியிலும் நியாயம் தெரிந்தும் அநியாயத்துக்குக் கையெழுத்திடும் எவரும் அவருக்கு உறவினரே.