திண்டுக்கல்லில் தூங்கிய சிறுவன்

திண்டுக்கல் நகரில் ஒரு வீடு.

அன்று அந்தக் குடும்பத்தில் ஒரு விசேஷம். எல்லாரும் அதற்குப் போயிருந்தார்கள். அப்படியே மாலையில் கோவிலுக்கும் போய்விட்டார்கள். வீட்டில் இருந்தது ஒரே ஒரு சிறுவன். வயது 11.

சிறிது நேரம் புத்தகம் படித்தான். பிறகு வாசல் கதவைப் பூட்டினான். ஜன்னல்களைச் சாத்தினான். படுத்தான். தூங்கிவிட்டான்.

கோவிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கதவைத் தட்டினார்கள். கூச்சல் போட்டார்கள். உள்ளே சத்தமே இல்லை. எதிர் வீட்டில் ஒரு சாவி வாங்கி, எப்படியோ கதவைத் திறந்தார்கள். திண்டுக்கல் பூட்டு பெயர் பெற்றது. ஆனால் அந்தப் பூட்டு திறந்துவிட்டது. சிறுவனின் தூக்கம்தான் திறக்கவில்லை! உலுக்கினார்கள். அடித்தார்கள். வீட்டுப் பையன்கள் ஆசை தீர அடித்தார்கள். அவன் விழிக்கவே இல்லை. அடி வாங்கிய செய்தியே அவனுக்கு மறுநாள் காலையில் பிறர் சொல்லித்தான் தெரியும்.

அந்தச் சிறுவனின் பெயர் வேங்கடராமன். பிற்காலத்தில் உலகமே அறிந்த ரமண மகரிஷி அவர்தான்.

தந்தையின் மரணம்

வேங்கடராமன் பிறந்த ஊர் திருச்சுழி. பிறந்தது 1879-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. தந்தை சுந்தரம் அய்யர், வக்கீல் தொழில் செய்தவர். தாயார் அழகம்மாள். அண்ணன் நாகசாமி. தம்பி நாகசுந்தரம். தங்கை அலமேலு.

திருச்சுழியில் ஆரம்பப் படிப்பு. பிறகு திண்டுக்கல்லில் சிறிது காலம் படிப்பு. மலைக்கோட்டை நிழலில் ஓடி ஆடிய மற்றப் பையன்களைப் போலத்தான் அவனும் இருந்தான். விளையாட்டில் ஆசை அதிகம். பாடத்தில் ஆசை குறைவு. ஆனால் ஒரு முறை கேட்டால் மனதில் நிற்கும். நல்ல உடல் பலம் உண்டு.

1892-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி சுந்தரம் அய்யர் காலமானார். அப்போது வேங்கடராமனுக்கு 12 வயது. உடல் இங்கே கிடக்கிறது; ஆனால் தந்தை போய்விட்டார் என்கிறார்களே, போனது எது என்று சிறுவன் யோசித்தான். அந்தக் கேள்வி விதை போல மனதில் விழுந்தது.

குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. சிறிய பிள்ளைகள் தாயாருடன் இருந்தார்கள். நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சிற்றப்பா சுப்பய்யர் வீட்டில் வளர்ந்தார்கள். மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் பக்கத்துத் தெரு அது. அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படிப்பு நடந்தது.

1895-ம் ஆண்டு நவம்பரில் ஓர் உறவினர் வந்தார். அவர் அருணாசலத்திலிருந்து வருவதாகச் சொன்னார். அது போய் வரக்கூடிய ஓர் ஊர் என்பதே வேங்கடராமனுக்கு அன்றுதான் தெரியும். அதன் பிறகு பெரிய புராணம் கையில் கிடைத்தது. நாயன்மார்களின் கதைகளைப் படித்து உருகினான்.

மாடி அறையில் மரணம்

1896-ம் ஆண்டு ஜூலை மாதம். வேங்கடராமனுக்கு வயது 16. சிற்றப்பா வீட்டு மாடி அறையில் தனியாக இருந்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை. திடீரென்று சாகப் போகிறோம் என்ற பயம் பிடித்துக்கொண்டது.

மற்றப் பையனாக இருந்தால் அலறியிருப்பான். வைத்தியரைத் தேடியிருப்பான். வேங்கடராமன் அப்படிச் செய்யவில்லை. பிணம் போலக் கை கால்களை நீட்டிப் படுத்தான். மூச்சை அடக்கினான். உதடுகளை இறுக்கினான். இந்த உடல் செத்தது; சுடுகாட்டுக்குப் போகப் போகிறது; அதோடு நானும் செத்தேனா என்று தன்னைத்தானே ஆராய்ந்தான். உடல் போனாலும் போகாத ஒன்று உள்ளே இருக்கிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. பயம் போயிற்று. அந்தப் பயம் மறுபடி வரவே இல்லை.

அதற்குப் பிறகு ஆளே மாறிவிட்டான். விளையாட்டில் நாட்டம் இல்லை. சாப்பாட்டில் ருசி பார்ப்பதில்லை. அடிக்கடி மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் போய், நாயன்மார்கள் சிலைகளின் முன் நின்று கண்ணீர் விட்டான்.

மனமும் இடமும்

இங்கே கொஞ்சம் வெளிநாட்டைப் பார்ப்போம்.

தென் அமெரிக்காவில் அமேசான் காடு இருக்கிறது. அங்கே பழங்குடி மக்கள் ஒரு கொடியையும் ஓர் இலையையும் சேர்த்துப் பல மணி நேரம் காய்ச்சுகிறார்கள். அந்தக் கஷாயத்துக்கு அயவாஸ்கா என்று பெயர். குடித்தால் வாந்தி வரும். பிறகு கண் முன் காட்சிகள் தோன்றும். செத்துப் பிழைத்தது போல் இருந்தது என்று சிலர் சொல்கிறார்கள். இப்போது பல நாட்டுக்காரர்கள் பணம் கட்டி, முகாம்களில் தங்கி, அதைக் குடிக்கிறார்கள்.

ஒரே பானை. ஒரே கஷாயம். ஆனால் ஒருவர் அமைதி பெறுகிறார். இன்னொருவர் பயத்தில் துடிக்கிறார். ஏன்?

குடிப்பவரின் மனநிலை ஒரு காரணம். சுற்றியுள்ள இடமும் ஆட்களும் இன்னொரு காரணம். ஆராய்ச்சியாளர்கள் இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள். பழங்குடி வைத்தியர்களும் இதை அறிந்தவர்களே. முன்கூட்டியே பத்தியம் வைக்கிறார்கள். இரவெல்லாம் பக்கத்தில் இருந்து பாடுகிறார்கள்.

1962-ம் ஆண்டு பெரிய வெள்ளிக்கிழமை அன்று, அமெரிக்காவில் பாஸ்டன் பல்கலைக்கழக ஆலயத்தில் ஒரு சோதனை நடந்தது. சமயக் கல்வி கற்ற மாணவர்கள் 20 பேர் உட்கார்ந்தார்கள். 10 பேருக்குச் சில காளான்களில் இருக்கும் ஒரு மருந்தைக் கொடுத்தார்கள். மற்ற 10 பேருக்குச் சாதாரண வைட்டமின். வழிபாடு நடந்துகொண்டிருந்தது. மருந்து சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் தெய்வ அனுபவம் கண்டதாகக் கூறினார்கள். பக்தியுள்ள மனமும் புனிதமான இடமும் அதற்குத் துணை நின்றன. அப்படியும் ஒரு மாணவர் கலங்கிப்போய், அவரை அமைதிப்படுத்த மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

வேங்கடராமன் எதையும் குடிக்கவில்லை. ஆனால் மனமும் இடமும் என்ற அந்த இரண்டும் அவன் வாழ்க்கையிலும் இருக்கின்றன. தந்தையின் மரணம் எழுப்பிய கேள்வி, நாயன்மார் கதைகளில் ஊறிய நெஞ்சு, எதிலும் முழுதாக மூழ்கிவிடும் இயல்பு — இது மனம். வேளைக்குச் சோறு போடும் உறவினர் வீடு, தனி அறை, கூப்பிடு தூரத்தில் பெரிய கோவில் — இது இடம்.

3 ரூபாயுடன் பயணம்

1896-ம் ஆண்டு ஆகஸ்டு 29-ந் தேதி. பாடத்தைக் கவனிக்காத தம்பியை அண்ணன் கண்டித்தார். அன்றே வேங்கடராமன் புறப்பட்டுவிட்டான். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்காக வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துக்கொண்டான். 2 ரூபாயை ஒரு கடிதத்துடன் வைத்தான். தன் தந்தையைத் தேடிப் போவதாகவும், யாரும் வருந்த வேண்டாம், தேடிப் பணம் செலவிட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். கையெழுத்துப் போடவில்லை.

திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் வாங்கினான். ரெயில் திண்டுக்கல் வழியாகத்தான் போயிற்று. அவன் படித்த ஊர், ஓடிய வீதிகள், மலைக்கோட்டை எல்லாம் பின்னால் போய்விட்டன.

விழுப்புரத்தில் இறங்கினான். கொஞ்ச தூரம் ரெயில், பிறகு நடை. கீழூரில் காதுக் கடுக்கனை 4 ரூபாய்க்கு அடகு வைத்தான். செப்டம்பர் 1-ந் தேதி திருவண்ணாமலை சேர்ந்தான்.

இருட்டில் கிடந்தவர்

பெரிய கோவிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் பூமிக்கு அடியில் பாதாள லிங்கக் குகை இருக்கிறது. வெயிலே படாத இடம். அங்கே போய் உட்கார்ந்த இளைஞர் தன்னை மறந்தார். எறும்பும் பூச்சியும் தொடையைக் கடித்துப் புண்ணாக்கின. ரத்தமும் சீழும் வடிந்தன. அவருக்குத் தெரியவில்லை. திண்டுக்கல்லில் அடித்தபோது தெரியாதது போலவே!

விஷமப் பையன்கள் கல் எறிந்தார்கள். சேஷாத்திரி சுவாமிகள் அவர்களை விரட்டினார். கடைசியில் சில நல்லவர்கள் இளைஞரைத் தூக்கி வெளியே கொண்டு வந்தார்கள். அப்போதும் கண் திறக்கவில்லை. கோவிலில் இருந்தவர்கள் பால் ஊட்டினார்கள். பழனிசாமி என்ற அன்பர் பல ஆண்டுகள் உடனிருந்து பணிவிடை செய்தார்.

இதை நாம் நன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கைகள் வராமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆழ்ந்த அனுபவம் வந்தவரையும் யாரோ சோறூட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. மகரிஷியின் வரலாற்றில் பழனிசாமிகளுக்கும் பங்கு உண்டு.

தாயின் துயரம்

மகன் போனதும் அழகம்மாள் தவித்தார். இரண்டு வருடங்களுக்கு மேல் ஆயிற்று. 1898-ம் ஆண்டு டிசம்பரில் மூத்த மகனுடன் வந்து, பவழக்குன்றில் மகனைக் கண்டார். சடை முடி, அழுக்கு உடல். நாள் தோறும் அழுது கூப்பிட்டார். மகன் பேசவில்லை. பார்த்திருந்தவர்கள் மனம் பொறுக்காமல் கேட்க, விதிப்படிதான் எல்லாம் நடக்கும் என்ற கருத்தைத் தாளில் எழுதிக் காட்டினார். தாயார் வெறுங்கையுடன் திரும்பினார்.

1912-ல் இன்னொரு சம்பவம். மலையில் ஆமைப் பாறை அருகே அவருடைய ரத்த ஓட்டம் நின்றது போல் ஆயிற்று. உடல் நிறம் மாறியது. வாசுதேவ சாஸ்திரி என்ற அன்பர் கட்டிக்கொண்டு அழுதார். மகரிஷி மட்டும் கலங்கவில்லை. மதுரையில் மரணம் பயத்தோடு வந்தது. இங்கே பயம் இல்லை.

1916-ல் அழகம்மாள் மகனிடமே வந்து சேர்ந்தார். 1922-ம் ஆண்டு மே 19-ந் தேதி அவருக்கு அந்திம காலம். மகரிஷி நாள் முழுதும் பக்கத்தில் இருந்தார். ஒரு கையைத் தாயின் தலையிலும், ஒரு கையை மார்பிலும் வைத்திருந்தார். அன்று இரவு உயிர் அமைதியாகப் பிரிந்தது. 1898-ல் ஒரு சொல்லுக்காக ஏங்கிய தாய், மகனின் கையணைப்பில் கண்ணை மூடினார்.

சமாதிக்கு அருகே ரமணாசிரமம் வளர்ந்தது. உலகெங்கும் இருந்து மக்கள் வந்தார்கள். அவர் எதையும் குடிக்கக் கொடுக்கவில்லை. மௌனமாக இருந்தார். நான் யார் என்று விசாரிக்கச் சொன்னார். வீட்டை விட்டு ஓடி வரத் துடித்த குடும்பஸ்தர்கள் பலரை, வீட்டில் இருந்தபடியே விசாரிக்கும்படி திருப்பி அனுப்பினார். 1950-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு காலமானார்.

பெற்றோர்களுக்கு

அயவாஸ்காவில் உள்ள போதைப் பொருள் இந்தியச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து ஆகலாம். பயம் நிறைந்த மனதோடு, முன்பின் தெரியாதவர்கள் நடுவில் குடித்தால், காட்சிக்குப் பதில் கலக்கமே மிஞ்சலாம்.

உங்கள் வீட்டிலும் 16 வயதுப் பையன் இருக்கலாம். திடீரென்று பேச்சைக் குறைத்திருக்கலாம். சாவைப் பற்றிக் கேட்கலாம். உடனே திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். கேட்டதற்குத் தெரிந்த பதிலைச் சொல்லுங்கள். அவன் சாப்பிடாமலும் தூங்காமலும் கிடந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். எல்லாப் பையனும் வேங்கடராமன் அல்ல. ஆனால் எல்லாப் பையனுக்கும் ஒரு பழனிசாமி வேண்டும்.